ஆணியில் இன்னும் படம் மாட்டவில்லை

இரவு ஒன்றரை.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
ஷட்டர் பாதி இறங்கிய பிராணிகள் ஆஸ்பத்திரி.
கூடைக்குள் ரசீது.
பூனைக்கு அப்படிப் பெயர் வைத்தவன் நான்தான்,
பில் புத்தகத்தின் மேல்தான் தூங்குவான்.
முந்தாநாளிலிருந்து மூத்திரம் போகவில்லை.

சுவரில் மூன்று படங்கள்.
டாக்டர் பித்தப்பா, தங்கப் பதக்கம்.
டாக்டர் நஸ்ரீன் தாஜ், அறுவை சிகிச்சை.
டாக்டர் ஏசுரத்தினம், கீழே பட்டங்கள் இரண்டு வரிக்கு.
நாலாவது இடத்தில் ஆணி மட்டும்.

டோக்கன் கொடுக்கும் முனிராஜு
கேட்காமலே ஆரம்பிக்கிறான்:
"தாஜ் மேடம் அப்பாவுக்கு டேனரி ரோட்டுல கறிக்கடை சார்.
மண்ணீரல் எங்க இருக்குன்னு
காலேஜ் போறதுக்கு முன்னாடியே தெரியும்.
தையல் போட்டா தழும்பைத் தேடணும்."

ஏசுரத்தினத்துக்குத் தங்கவயல்.
சுரங்கம் மூடிய வருடம்
அப்பா கடைசியாக விற்றது ஒரு ஜெர்ஸிப் பசு.
வாங்கியவன் மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்து
வாசலில் கட்டிவிட்டுப் போனான். மடிவீக்கம்.
பிழைக்க வைத்த அரசாங்க டாக்டருக்குக்
கொடுக்கக் காசில்லை.
பை தூக்கப் பையனை அனுப்பினார்கள்,
ஒரு கோடை முழுக்க.

"பித்தப்பா சார்?"
"குடகுல காப்பித் தோட்டம். பெரிய வீடு.
அவங்க வீட்டு நாயே இங்கிலீஷ்லதான் குரைக்குமாம்."

எனக்கு வேண்டியிருந்தது தங்கப் பதக்கம்.
வந்தது ஆணி.

ஹாஸ்டல் ஸ்வெட்டர், ஒரு காதில் மட்டும் கம்மல்
(இன்னொன்றை ஒரு லேப்ரடார் விழுங்கிவிட்டதாம்).
அமிர்தகௌரி, ஓசூர்.
வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள்.
என் முகத்தில் என்ன படித்தாளோ,
கையுறையை உதறிக்கொண்டே சொன்னாள்:
"மனுஷ டாக்டர் ஆகத்தான் ஆசை சார்.
மூணு தடவை எழுதினேன்.
வீட்டுல இப்பவும் சொந்தக்காரங்ககிட்ட
டாக்டர்னு மட்டும்தான் சொல்றாங்க,
எதுக்கு டாக்டர்னு சொல்றதில்லை.
கழுத்தைப் பிடிச்சுக்கோங்க. இறுக்காம."

மெல்லிய குழாய்.
ஒருமுறை வழுக்கியது.
இன்னொரு முறை, மயக்கத்திலும் ரசீது உறுமினான்.
அதற்கடுத்த முறை
அவள் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

ட்ரேயில் ஒரு சொட்டு, கலங்கிய சிவப்பு.
அப்புறம் நிற்காத சரம்.
"பந்த்து! பந்த்து!" என்று
கன்னடத்தில் கத்தினான் முனிராஜு,
மெட்ரோ வந்துவிட்ட மாதிரி.
வெளியே காத்திருந்த பொமரேனியன்காரர்
காரணம் தெரியாமலே எழுந்து நின்றார்.

பிறகுதான் படிவம்.
"எங்க பிறந்தான்?"
பாணஸ்வாடி. ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குக் கீழே, அநேகமாக.
"வயசு?"
தெரியாது.
"அம்மா? தடுப்பூசி? முன்னாடி ஏதாவது நோய்?"
தெரியாது, தெரியாது.
எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து
ஒரே கோடாக இழுத்தாள்.
பெயர்க் கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.
"ரசீதா?" என்றாள்.
"எதுக்கு?"