கரித்தூள்

சிலோயே தீவில் மூன்றாம் நாளும் மழை.
படகின் சாப்பாட்டு மேசையில்
ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே
நங்கூர மோட்டாரைப் பிளந்து வைத்திருந்தாள் ஒட்டீலியா.
உப்பு. துரு.
பிரஷ் தேய்ந்து உதிர்ந்த கரித்தூள்,
அவள் மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு.

பேரிங்குக்கு அடியில்
மத்தி மீன் டப்பாவை வெட்டிச் செருகியிருந்தான்
படகை விற்றவனோ, அவனுக்கு விற்றவனோ.
தகரத்தில் மீன்வால் இன்னும் சிவப்பாக.
"ஒப்பேற்றிய வேலை" என்றாள்.
அளந்தாள். மறுபடி அளந்தாள்.
அரை மில்லி. இம்மி பிசகவில்லை.

புது பிரஷ், புது சீல்.
தகரம் மட்டும் பழைய இடத்துக்கே போனது.

கால் பொத்தானை மிதித்ததும்
சங்கிலி மூன்று கண்ணி ஏறி
நின்றது.
மிச்சம் நாற்பது மீட்டரைக் கையால் இழுக்க
இடுப்பைப் பிடித்தபடி குனிந்தேன்.
ஃபியூஸ் பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல்:
"மூணு கண்ணி!
பாத்தியா, மூணு!"