கடுகின் உயரம்

விலைத்தாளில் இருந்தது:
பழைய ஓடு பெயர்த்தல், புது ஓடு பதித்தல்,
பசை, இடைப்பூச்சு, சிலிக்கோன்,
ஆயிரத்து முந்நூற்று எண்பது பிராங்க்.
குலேந்திரன் கண்ணாடி போட்டும் வாசித்தார்,
கழற்றியும் வாசித்தார்.
தொகை அசையவில்லை.

அந்தக் காசுக்கு நாலு பனிக்கால டயர் வாங்கலாம்.
வாங்கலாம்தான். ஆனால்
போன மாதம் வீடியோ பார்த்து இவர் ஒட்டின ஆறு ஓட்டில்
நாலு, சாமம் மூன்று மணிக்கு
ஒன்றன்பின் ஒன்றாய் விழுந்து
கீழ்வீட்டு லூத்தி அம்மாவை எழுப்பிவிட்டன.
மிச்சம் இரண்டும் அடுப்புக்கு மேலே நின்றன,
இவருடைய கட்சிக்குச் சாட்சியாக.

ஆதெலினோ திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்தான்.
லாங்னாவில் ஏழு என்றால் ஏழு.
சப்பாத்துக்கு மேல் நீலப் பை மாட்டிக்கொண்டு
சுவரில் காதை வைத்துத் தட்டினான்,
வத்தகப்பழம் வாங்குகிறவன்மாதிரி.
பிறகு மட்டப்பலகையைப் பிடித்தான்.
குமிழி நடுவில் நிற்க மாட்டேன் என்று
இடப்பக்கம் ஒதுங்கியது.
சுவர் கோணல், என்றான்.
இருபது வருசக் கடனில் வாங்கின சுவர்.
வங்கியில் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஓடு எவ்வளவு உயரம்?
ஐம்பது சென்டிமீட்டர், எல்லா வீட்டுக்கும் அதுதான்.
எங்களுக்குக் காணாது, என்றேன்.
ஏன்?
என்னுடைய ஜெர்மன்
சீஸ் பொதி செய்யும் ஆலையில் பழகின ஜெர்மன்:
பெட்டி, தட்டு, குளிர், கெதியாக.
கடுகு வெடிப்பதற்கு அதில் சொல் இல்லை.

தாச்சியை வைத்தேன். எண்ணெய் காய்ந்தது.
கடுகு போட்டதும் ஓரடி பின்னால் போனவன்
உடனே முன்னால் வந்தான்.
காதில் செருகின பென்சிலை எடுத்து
தெறித்த இடமெல்லாம் குறி போட்டான்.
எல்லாவற்றிலும் துணிந்த ஒரு கடுகு
புகைபோக்கியின் விளிம்புக்குக் கிட்டே ஒட்டியிருந்தது.
நாடாவை இழுத்தான். எழுபத்தெட்டு.
மரியாதையோடு எழுதிக்கொண்டான்.

தாளிதத்தை வீணாக்குவதா? பருப்பில் கொட்டினேன்.

போனில் யாருக்கோ "கொசீஞ்ஞா" என்றான்.
எனக்குத் திடுக்கிட்டது.
குசினி, என்றேன், காலால் நிலத்தைத் தட்டி.
யன்னலைக் காட்டினேன். மேசை, கதிரை, அலுமாரி.
ஒவ்வொன்றையும் தன் வாயால் திருப்பிச் சொல்லி
கடன் கொடுத்த பாத்திரத்தைக் கண்டவன்போலச் சிரித்தான்.
நானூறு வருசத்துக்கு முந்தி
கப்பலில் வந்த அவனுடைய ஆட்கள்
எங்களிடம் விலைத்தாள் நீட்டவில்லை.
அதற்கும் என்னிடம் ஜெர்மன் இல்லை.
தேத்தண்ணி ஊற்றினேன்.

பன்னிரண்டுக்கு வெட்டும் யந்திரம் நின்றது.
ஒரு மணி வரைக்கும் இந்தக் கட்டிடத்தில்
கைக்குழந்தைகூட யோசித்துத்தான் அழும்.
அவன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து
அளவெடுத்த கடுகைச் சோற்றோடு சாப்பிட்டான்.

இடைப்பூச்சு வெள்ளை வேண்டும் என்றேன்.
என் விரல் நுனி மஞ்சளைப் பார்த்தான்.
வெள்ளை ஒரு மாதம், என்று ஒரு விரல் காட்டினான்.
சாம்பல் நிறம் முடிவாயிற்று.

செவ்வாய் பின்னேரம் இவர் வேலையால் வந்து
சட்டை மாற்றாமலே
ஒவ்வொரு பொருத்திலும் நகத்தை ஓட்டினார்.
பிழை பிடிபடவில்லை.
குளிர்ப்பெட்டியைக் கைகளால் கட்டிப்பிடித்து இழுத்தார்.
பின்னால், கடைசி நிரையில்,
மேலே மூன்று சென்டிமீட்டர், கீழே இரண்டாய்
ஒடுங்கி இறங்கின துண்டுகள்.
பார், பார், கோணல்!
முகம் முழுக்க வெளிச்சம்.
அந்தச் சந்தோசத்திலேயே போனைத் திறந்து
முழுக்காசையும் கட்டிவிட்டார்.

கோணல் சுவருடையது;
ஓடு அதை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் இருத்தியிருக்கிறது.
சொல்லவில்லை.
இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது.
முதல்நாள் பெயர்க்கும்போது
மற்றதெல்லாம் பத்து நிமிசத்தில் கழன்று வர,
இவர் ஒட்டின அந்த இரண்டுக்கும்
ஆதெலினோவுக்கு அரைமணி நேரமும் ஒரு உளியும் போனது.
அதை
சாப்பிடும்போது சொல்வேன்.