பேர்க்கணக்கு

தலவாக்கலையில் மூன்று நாளாய் மழை.
மருந்துக்கடைக்கு மேலே வாடகை அறை.
மேசையில் பதினோராம் ஆண்டு, வரலாறு, இரண்டாம் தவணை,
அறுபத்து மூன்று விடைத்தாள்.
காகிதம் அப்பளம்போல் நமத்து
சிவப்பு மை ஊறிப் பரவுகிறது.

நாலாம் வினா: அமெரிக்கச் சுதந்திரப் போருக்கான
காரணங்களை விளக்குக.
புள்ளித் திட்டம் இடது கைப்பக்கம்.
வரிகள், மூன்று.
பிரதிநிதித்துவம் இன்மை, மூன்று.
கடலில் கொட்டிய தேயிலை, இரண்டு.
புதிய சிந்தனைகள், இரண்டு.

யுகேந்தினி பிரெஞ்சுப் புரட்சியை இதோடு கலந்து
சிறைச்சாலையைக் கடலில் கொட்டிவிட்டாள்.
மதனராஜ் ஒரே வரியில் முடித்தான்:
"அவர்களுக்குக் கோபம் வந்தது."
ஒரு புள்ளி போட்டேன்.
திட்டத்தில் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை.

நாற்பத்தோராவது தாள்
மேல் டிவிசன் மல்லிகேஸ்வரியுடையது.

"பெட்டி முந்நூற்று நாற்பத்திரண்டு.
தூள் ஏறத்தாழ நாற்பத்தீராயிரம் கிலோ.
ஒரு கிலோ தூளுக்கு
நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, பெக்டரியில் கேட்டேன்.
ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ.
ஆகவே அந்த இரவு கடலில் விழுந்தது
பத்தாயிரத்து ஐந்நூறு பேர்."

கீழ்நாட்டு ஆள் வாசித்தால் பதறிப்போவார்.
எங்கள் பக்கம் பேர் என்றால் ஆள் அல்ல,
ஒரு நாள் கூலி.
நிறை எட்டினால் பேர் விழும்.
எட்டாவிட்டால் அரைப்பேர்.
ஈரத்துக்கென்று தராசடியில் கழிப்பது வேறு கணக்கு.

அவசரமாய் ஓரத்தில் எழுதினேன்:
அந்தக் காலம் இந்த மலையில் தேயிலை இல்லை, காடுதான்.
கோப்பிகூட வரவில்லை.
அந்தப் பெட்டிகள் சீனத்தி

தாளைத் திருப்பினால்
அவள் முந்திக்கொண்டிருக்கிறாள்.

"சீனத்துக் கொழுந்து என்று தெரியும் டீச்சர்.
அங்கே ஒரு பேருக்கு எத்தனை கிலோ?
கூடையை நெற்றியில் மாட்டுவார்களா, தோளிலா?
கொட்டினதற்குப் பிறகு
அங்கே யாருக்காவது வேலை நின்றதா?
புத்தகத்தில் தேடினேன். இல்லை."

கரண்ட் போனது.
மெழுகுதிரி தேடுகிற இருட்டில்
போன மாதத்து வகுப்பு வந்து நின்றது.
பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை,
மூன்று தடவை சத்தமாய்ச் சொல்ல வைத்தேன்.
தகரக் கூரை அதிர்ந்தது.
பின்வாங்கிலிருந்து மதனராஜ்:
"நம்ம ஆட்களுக்கு வாக்கில்லாத வருசங்களில்
சீனிக்கும் சீத்தைக்கும் வரி எடுத்தாங்களா டீச்சர்?"
மணி அடித்தது.
நல்லவேளை என்று நினைத்தேன்.
அப்படி நினைத்தேன் என்பதை
இந்த அறையில் மட்டும்தான் சொல்வேன்.

மல்லிகேஸ்வரி வரி என்ற சொல்லையே எழுதவில்லை.
சிந்தனையாளர் ஒருவரும் இல்லை.
திட்டப்படி இரண்டு.
இரண்டு போட்டேன்.
மெழுகு ஒரு விரல் உருகும்வரை அதையே பார்த்துவிட்டு
அடித்து, ஏழு என்று எழுதினேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், அது விதி.
சுருக்கொப்பத்தில்
என் பேர் பாதிதான் வரும்.

தண்ணீர் கொதிக்க வைத்தேன்.
தூள் பாக்கெட்டில் தேறிய நிறை இருநூறு கிராம்.
அவள் கணக்கு என்னை விடவில்லை.
தொள்ளாயிரம் கிராம் கொழுந்து,
ஒரு பேரில் இருபதில் ஒரு பங்கு,
காலைப் பனியில் ஏறக்குறைய அரை மணி நேரம்.
ஒரு கரண்டி போட்டேன்.
இன்னும் அரைக் கரண்டி போடப் போய்
திருப்பி உள்ளே கொட்டினேன்.

நாற்பத்திரண்டாவது தாள், டிலோசன்.
பொஸ்டன் இங்கிலாந்தில் இருக்கிறதாம்.
வலது ஓரத்தில் ஒரு கப்பல் வரைந்திருக்கிறான்,
புகைபோக்கியோடு,
எங்கள் பெக்டரியினுடையதைப் போலவே.