எத்தனை நாள் குனியக் கூடாது

மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் சீட்டின் பின்பக்கம்
டாக்டரம்மா படம் போட்டார்:
வயிற்றைத் திறந்து ஒரு வழி,
கீழே ஒரு வழி,
நாலு துளை வைத்து இன்னொன்று.
எல்லா அம்பும் ஒரே பேரிக்காயில் போய் முட்டின.

செலவைக் கேட்டார் இவர்.
நான் கேட்டது,
ஆற்றில் தண்ணி வந்தால்
எப்போது நடவுக்கு இறங்கலாம்.

கீழ்வழி சீக்கிரம் ஆறுமாம்.
ஆனால் கட்டி பெரிசு,
இரண்டு பிள்ளையும் கத்தி வைத்து எடுத்தது,
உள்ளே ஒட்டிக் கிடக்கும்.
துளைக்குத் தஞ்சாவூர் போகணும்,
அங்கே தேதி ஐப்பசியில்.

பழைய தழும்பிலேயே திறந்தார்கள்.
எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டியபோது
இவர் டீக்கடையில்.
கூட நடும் செந்தாமரைதான் பார்த்தாள்.
"கருணைக்கிழங்கு மாதிரிடி" என்றாள்.
சிரிக்க முடியவில்லை, தையல்.

கூத்தாநல்லூர் நூர்ஜமிலா
தஞ்சாவூரில் துளை போட்டுக்கொண்டவள்,
மூன்றாம் நாளே நடந்து வீடு போனவள்,
போனில் சொன்னாள்:
"வயிறு தேவலை,
தோள்பட்டையில்தான் காற்று நிக்குது."

ஐந்தாம் வாரம்
பாமணியில் தண்ணி.
வரப்பில் நின்றேன்.
முழங்கால் சேற்றில்
யாருக்கும் தெரியாமல்
எத்தனை பட்டம் சிந்தியிருப்பேன்.
இப்போது புடவையின் பின்பக்கத்தைத்
திரும்பித் திரும்பிப் பார்க்கும் கழுத்து
சும்மா இருக்கிறது.

ஒரு முடி நாற்று
காலடியில் நழுவி விழுந்தது.
குனியவில்லை,
உட்கார்ந்து எடுத்தேன்.