வெற்று எடை

பெட்டி வந்த அன்று மழை.
கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு
"கட்டிலா அக்கா?" என்றான் லோரிக்காரன்.
படகு என்றேன்.
கையெழுத்து வாங்க மறந்து போய்விட்டான்.

பத்தாங் பெர்ஜுந்தையில் கடல் இல்லை.
ஊருக்கே பெயர் மாற்றி வருஷங்கள் ஆயிற்று,
என் வாய்தான் இன்னும் பழையதை விடவில்லை.
செம்பனை இருக்கிறது. ஆலை இருக்கிறது.
ஈயம் தோண்டிய பின் யாரும் மூடாத
லம்பக் குட்டைகள் இருக்கின்றன.
போதாதா?

போர்ச்சிலிருந்து காரை வெளியேற்றினேன்.
பரஞ்சோதி ஒன்றும் சொல்லவில்லை.
சாயங்காலம் காருக்கு ஒரு தார்ப்பாய் வாங்கி வந்தார்,
நீலத்தில்.

நாற்பத்தொரு பலகைகள், ஒவ்வொன்றிலும் பென்சில் எண்.
தரையில் விரித்துப் பார்த்தால்
இடது பக்கம் இரண்டு, வலது இல்லை.
கிள்ளானுக்கு போன் போட்டுக் கத்தினேன்:
ரசீது, போனஸ் பணம், நுகர்வோர் சங்கம், எல்லாம்.
கேட்டு முடித்து அந்தப் பையன் சொன்னான்,
"ஆன்ட்டி, ஒன்றைத் திருப்பிப் போடுங்கள்."
திருப்பினேன்.
வலது.
இரண்டு நாள் அவன் குரலை நினைத்தாலே காது சுட்டது.

துளைக்குத் துளை செம்புக் கம்பி விட்டு முறுக்கித்
தைத்துக்கொண்டே போனேன்.
மூக்கில் மட்டும் இரண்டு பக்கமும்
சேரமாட்டோம் என்று நின்றன.
பக்கத்து வீட்டுக் காக் நோர்லைலா
சுடுதண்ணீர்க் கெட்டிலோடு வந்தார்.
துண்டு நனைத்துப் பலகைமேல் போட்டு
இருவரும் ஏறி உட்கார்ந்தோம், அரை மணி நேரம்.
பேச்சு முழுக்க அவருடைய மருமகள்.
பலகை வளைந்தது.

பிசின் இறுக நாற்பது நிமிடம் என்றது புத்தகம்.
அது எந்த ஊர் நாற்பதோ.
இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு
மைலோ டின்னுக்குள் ஒன்பதாவது நிமிடம் புகைந்து
கல்லானது, தூரிகையும் உள்ளேயே.
அப்புறம் விடியற்காலை நாலரைக்குத்தான் பூசினேன்,
முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள்
மோட்டார்சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துப் போனார்கள்.

இருபத்தாறு வருஷமாக ஆலை வாசலில்
எடைப்பாலம் என் வேலை.
ஏற்றி வரும்போது ஒன்று,
இறக்கிப் போகும்போது ஒன்று,
கழித்தால் குலை.
லோரியின் வெற்று எடையை
யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

முப்பத்து நான்கு கிலோ என்றது புத்தகம்.
ஆலை நின்ற ஒரு ஞாயிறு
பாலத்தில் கொண்டு வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் பாலம்
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
நாற்பது என்றது.
பிசினா, பெயின்டா, இல்லை
இருபதுக்குக் குறைந்த எதையும்
அது கண்டுகொள்ளாத பழக்கமா?
தெரிந்தும் சீட்டு அச்சடித்தேன்.
வண்டி எண் கேட்ட இடத்தில்
இந்திராணி என்று தட்டினேன்.
மூன்று பிரதி. வழக்கம்.

குட்டை அன்று பச்சையும் சாம்பலுமாக.
தூண்டில் போட்டிருந்த இருவர்
தள்ளி உட்கார்ந்தார்கள்.
பாயை ஏற்றினேன். அது சும்மா தொங்கியது,
காயப்போட்ட போர்வை மாதிரி.
செம்பனைக்கு அந்தப் பக்கமிருந்து
ஆலை நாற்றம் முதலில் வந்தது,
பின்னாலேயே காற்று.
பாய் படபடவென்று அடித்து
ஒரு கணம் வாயை மூடி, இறுகியது.
அடியில் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

ஐம்பது அடி.
பிறகு யாரோ முந்தானையைப் பிடித்த மாதிரி
வெடுக்கென்று நின்றேன்.

திரும்பினால்,
படகின் பின்புற வளையத்தில்
நான் கட்டாத ஒரு முடிச்சு.
அதிலிருந்து நைலான் கயிறு தண்ணீருக்கு மேல் விறைத்துக்
கரை வரை, கார் வரை, பம்பர் வரை.
நீச்சல் தெரியாத பரஞ்சோதி
கார் கதவைத் திறந்து வைத்து
இன்ஜினை ஓடவிட்டு நின்றார்,
வேறு எதையோ பார்ப்பவர் போல.

என் இடுப்பில் கத்தி இருந்தது.
காற்றும் இருந்தது, போவதாக இல்லை.

"இன்னும் கயிறு இருக்கிறதா?" என்று கத்தினேன்.

டிக்கியைத் திறக்கப் போனார்.