உரசல் சோதனை

எங்க போர் ஆயிரத்து நூறு அடிங்க.
அந்தத் தண்ணிய ஊத்துனா தென்னைக்குக் குருத்துக் கருகுது,
டீ போட்டாப் பால் திரியுது.
ஊத்துக்குளியில நல்ல வெண்ணெய் கிடைக்கும்,
நல்ல தண்ணி கிடைக்காது.

அந்தத் தண்ணியேதான் வேணும்னுது
கண்ணுல பிடிபடாத ஒரு சுருள்.
ஒரு லிட்டர் பாட்டில்ல, பச்சையா,
ஈரோட்டு பஸ்ஸுல என் மடியில உக்காந்து வந்துச்சு.
மூடியக் கொஞ்சம் தளர்த்தி வெச்சிருந்தேன்,
உசிரு இருக்குதுங்களே.

தார்ப்பாய்த் தொட்டி. சோடா. கல்லுப்பு.
இருவத்திரண்டு வருசம் சாயப்பட்டறை லேப்புல
நான் எடை போட்டதும் இதே ரெண்டுதான்,
சோடாவும் உப்பும்.
அங்க, நூலுல சாயம் பிடிக்கறதுக்கு.
இங்க, ஒரு பச்சை பெருகறதுக்கு.
பொழுதுக்கும் வெளக்குமாத்துக் கட்டையில கலக்குனேன்.
ஒன்பதாம் நாள் முழங்கை வரைக்கும் உட்டுப் பாத்தா
வெரலு தெரியல.

வடிகட்டப் பனியன் துணி ஆகல, எல்லாம் ஒழுகிருச்சு.
மககிட்டப் பழைய பாலிஸ்டர் துப்பட்டா இருந்துச்சு,
அது நிறுத்துச்சு.
மருதாணி விழுதாட்டம் ஒரு உருண்டை.
கடலைப் புண்ணாக்கு, தவுடு, கிலோவுக்கு அம்பது கிராம் அது,
முறுக்கு அச்சுல பிழிஞ்சு நெழல்ல காய வெச்சேன்.
அன்னையிலிருந்து அந்த அச்சுல முறுக்கு சுட முடியல.

"பச்சையப் போட்டாப் பச்ச மீனுதான வரும்?"
சென்னியப்பன் கேட்டாரு, என்னைக் கட்டுனவரு.
"முப்பது வருசமா வெள்ளைச் சோறு திங்கறீங்க,
வெளுத்தீங்களா?"
சொல்லிப்போட்டேனே ஒழிய எனக்கும் அதே சந்தேகந்தான்.
ஆரஞ்சு வேணுமுன்னா
மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, அறுவது டிகிரி,
எனக்குத் தெரிஞ்ச கணக்கு அது.
பச்சைக்குள்ள ஆரஞ்ச ஒளிச்சு வெக்கற கணக்கு
எந்த ஷேடு கார்டுலயும் இல்ல.

மூணாந் தொட்டிக்கு மட்டும் வெறும் தவுடு.
அது பழைய எலுமிச்சந் தோலாட்டமே கெடந்துச்சு.
ஒன்னாந் தொட்டியில
நாப்பத்தஞ்சாம் நாள் காத்தால
தண்ணிக்கு அடியில யாரோ
கங்கு அள்ளிப் போட்டாப்புல இருந்துச்சு.

உக்கடத்திலிருந்து சிக்கந்தர் பாய் வந்தாரு.
டார்ச்ச அடிச்சு அடிச்சுப் பாத்தாரு.
"அக்கா, ஊசி போட்டதா? சாயங்களா?"

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு.
ஒரு மீனக் கையில எடுத்தேன்,
வெள்ளைத் துணிய வெரல்ல சுத்துனேன்.
லேப்புல பத்து உரசல்.
துணியில கறை ஏறுனா லாட்டு ரிஜெக்ட்.

ஒன்னு.
ரெண்டு.
மூணாவதுல அது வாயத் தொறந்துச்சு.

இருவத்திரண்டு வருசத்துல
ஒரு துணியும் என் கையில வாயத் தொறந்ததில்ல.

துணியில சாயம் இல்லீங்க. வழவழன்னு ஒரு ஈரம்,
நகக்கண்ணுல பாதி இருக்கும் ஒரு செதிலு, அவ்வளவுதான்.
பாய் ஒன்னும் பேசல.
வெலையக் குறைக்காம எழுதுனாரு.
எரநூத்திப் பத்தச் சொன்னாரு,
எரநூத்தி ஒம்பது பையில ஏறுச்சு.

மிச்ச ஒன்ன உப்புத்தண்ணி டப்பாவுல உட்டு
மோட்டார் ரூம்புல வெச்சேன்.
செதிலு போன எடம் பொட்டாட்டம் வெளுப்பு.
மூணு நாளா அடியிலயே நிக்குது, செட்டைய மடிச்சுக்கிட்டு.
நானும் தெனம் ரெண்டு துணுக்குப் போடறேன்,
காத்தால அள்ளி எறியறேன்.

இன்னைக்கு ஒன்னுதான் கெடந்துச்சு.
இன்னொன்னு கரைஞ்சுதான் போச்சோ என்னமோ.
டப்பாவுக்குள்ள வெரல உட்டுத் துழாவிப் பாக்கலாம்.
எதுக்குங்க,
இன்னொருக்காத் தொடறதாவது.