ஒரு பொன்னாடை குறைவது பற்றி

மதிப்பிற்குரிய சேர்மன் அவர்களுக்கு,
மனாமா குதைபியா அலுவலகத்திலிருந்து
ஜெனோவா எழுதும் விளக்கக் கடிதம்.

நாற்பது வாங்கியதில் முப்பத்தொன்பதுதான் இருக்கிறது.
உண்மை.
மெரூன் கரை, சரிகை போட்டது,
ஆண்டு விழா மேடைக்கென்று எடுத்துவைத்தது.

போன மாதம் பதினொன்றாம் தேதி,
இரவு இரண்டே காலுக்கு உதவி எண் அடித்தது.
அந்த போன் என் தலைமாட்டில்தான் தூங்குகிறது.
தூங்குகிறது என்பது ஒரு பேச்சுக்கு.
ரிஃபாவில் ஒரு வீட்டுச் சுவர் ஏறிக் குதித்தவள்,
காத்தாயி, அரியலூர் பக்கம்.
நைட்டி. செருப்பில்லை.
டாக்ஸிக்கு மூன்றரை தினார் என் கையிலிருந்து;
பழைய பில்கள் இன்னும் உங்கள் மேசையில் கிடப்பதால்
இதை அனுப்பவில்லை.

ஏசியை அணைக்க முடியவில்லை.
ரிமோட் உங்கள் அறையில்,
உங்கள் அறை பூட்டில்.
அவள் நடுங்கினாள்.
குளிரா, வேறா என்று கேட்கவில்லை.
போர்த்துகிற மாதிரி அலுவலகத்தில்
அந்த அட்டைப்பெட்டி மட்டும்தான் இருந்தது.

"யாருக்குக்கா வச்சிருந்தீங்க இத?"
விலைச்சீட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.
பெரியவங்களுக்கு என்றேன்.
உடனே கழற்றப் போனாள்.

காலையில் படிவம் நிரப்பினோம்.
சம்பள பாக்கி: நான்கு மாதம்.
நம் அலுவலகத்தில் இரண்டுதான்,
அந்த வகையில் நாம் தேவலை.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்,
குடும்பத்தில் கணக்குப் பார்ப்பார்களா?"
போன கூட்டத்தில் நீங்கள் கேட்டபோது
எல்லோரும் டீ கப்பைப் பார்த்தோம்.
சுகந்தன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்;
மறுவாரம் அவன் உடல்நலம் கருதி விலகியதாக
நோட்டீஸ் போர்டில் படித்தோம்.

காத்தாயியையும் அந்த வீட்டில்
குடும்பத்தில் ஒருத்தி என்றுதான் சொல்வார்களாம்.

இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து
பாஸ்போர்ட்டை வாங்கினாள்.
விமான நிலையத்தில் நீங்கள் அவளோடு எடுத்த படம்
மலரின் அட்டைக்குப் போகிறது என்றார்கள்.
அந்தப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள்:
அவள் தோளில் மெரூன் கரை.
தேடிய பொருள் அதுதான்.

விலை ஒன்றரை தினார்.
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்,
ஆட்சேபனை இல்லை.
பிடிப்பதற்கு
முதலில் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கையெழுத்து பிறகு போடுகிறேன்.
போன் அடிக்கிறது.